எதற்குக் கிடைக்கிறது கைதட்டல்?

பதின்பருவத்துப் பிள்ளை அடிதடி, திருட்டு என்று இறங்கிவிட்டால், நண்பர்களின் ஆதரவு இருந்தால் திருந்திவிடுவான் என்கிறோம். ஆதரவு வேண்டும்தான். ஆனால் எதைச் செய்தால் அந்த ஆதரவு கிடைக்கிறது என்பதை யாரும் கேட்பதில்லை. முதலில் கேட்கவேண்டியது அதைத்தான் என்பேன்.

சிரிப்பே சன்மானம்

அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் உளவியலாளர் தாமஸ் டிஷியனின் குழு, சிறுவர்களை நண்பர்களோடு இருவர் இருவராக உட்காரவைத்து, அவர்கள் பேசுவதைப் படம்பிடித்தது. தப்புத்தண்டாவில் பழகிய இணைகளில், ஒருவன் விதிமீறலைப் பற்றிச் சொன்னதும் மற்றவன் சிரிப்பான். அந்தச் சிரிப்பில் பேச்சு மேலும் வளரும். சாதாரணப் பேச்சுக்கு அந்த வரவேற்பு இல்லை. இப்படிச் சிரிப்பைச் சம்பாதித்தவர்களிடம் பின்னாளில் போதைப் பழக்கமும் வன்முறையும் கூடுதலாகத் தென்பட்டன. 2005-இல் மார்கோ கார்ட்னரும் லாரன்ஸ் ஸ்டைன்பெர்கும் வெளியிட்ட ஆய்வும் இதற்குத் துணைநிற்கிறது. கணினியில் கார் ஓட்டும் விளையாட்டில், நண்பர்கள் பார்த்துக்கொண்டிருந்தபோது 13 முதல் 16 வயதினர் கூடுதலாகத் துணிந்தார்கள். பெரியவர்களிடம் அந்த மாற்றம் இல்லை. கெட்ட எண்ணம் துளியும் இல்லாத பிள்ளையையும் பார்வையாளர்கள் மாற்றிவிடுகிறார்கள்.

இனம் இனத்தோடுதானே சேரும்?

முரட்டுப் பிள்ளைகள்தாம் ஒருவரையொருவர் தேடிப்போகிறார்கள், நட்பின் மேல் பழிபோடுவானேன் என்று கேட்கலாம். அதில் பாதி உண்மை. மீதிப் பாதிக்கு மாசசூசெட்ஸில் 1939-இல் தொடங்கிய கேம்பிரிட்ஜ்–சாமர்வில் ஆய்வைப் பார்க்கவேண்டும். ஒத்த தன்மையுள்ள சிறுவர்களை இணைகளாக்கி, காசு சுண்டி ஒருவனுக்கு மட்டும் ஆலோசகர், பாட உதவி, மருத்துவம் எல்லாம் கொடுத்தார்கள். சுமார் 30 ஆண்டுகள் கழித்து ஆய்வாளர் ஜோன் மெக்கார்ட் அவர்களைத் தேடிப்பார்த்தபோது, உதவி பெற்றவர்கள் மேம்பட்டிருக்கவில்லை. கோடை முகாமுக்கு ஒருமுறைக்கு மேல் அனுப்பப்பட்டவர்கள், தங்கள் இணையைவிட மோசமாகியிருந்தார்கள். முகாமில் பையன்கள் தங்களுக்குள் அடித்த பெருமையே காரணமாக இருக்கலாம் என்று அவரும் டிஷியனும் கருதினார்கள். எல்லாக் குழுச் சிகிச்சையும் கெடுக்கும் என்று இதற்குப் பொருளில்லை. நல்ல மேற்பார்வையுள்ள குழுக்கள் பலன் தந்ததும் உண்டு.

கலந்து அமர்த்தினால்

அப்படியானால் சிக்கலுள்ள பிள்ளைகளை மற்றவர்களோடு கலந்து அமர்த்தலாமே. அதற்காக நல்ல பிள்ளைகளைப் பணயம் வைப்பதா என்பது பெற்றோரின் நியாயமான அச்சம். செயின்ட் லூயிஸ் நகரில் ரொனால்ட் ஃபெல்ட்மன் குழுவினர் இதைச் சோதித்து 1983-இல் நூலாக வெளியிட்டார்கள். இயல்பான சிறுவர்களின் குழுவில் சிக்கலுள்ள ஓரிருவரைச் சேர்த்தபோது அந்த ஓரிருவரின் நடத்தை சீரானது, மற்றவர்கள் கெட்டுப்போகவில்லை. ஆகவே, 'தேறாதவர்கள்' எல்லாரையும் ஒரே பிரிவில் அடைக்கும் பள்ளி அவர்களுக்கு ஆபத்தான பார்வையாளர்களைத் தானே திரட்டிக்கொடுக்கிறது. பிள்ளைக்குக் குழு ஆலோசனை என்று யாராவது பரிந்துரைத்தால், கூட இருப்பவர்கள் யார், பேச்சை வழிநடத்தும் பெரியவர் எந்நேரமும் உடனிருப்பாரா என்ற இரண்டையும் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே பெற்றோர் சம்மதிக்கவேண்டும்.