5.5 எச்.பி. பவர் வீடருக்குக் கூடுதல் காசு கொடுக்கலாமா?

கீழ்பென்னாத்தூர்ல மல்லாட்டை போட்டிருக்கிற அப்பாவுக்கு, உங்க சம்பளத்துல ஒரு பவர் வீடர் வாங்கித் தரப் போறீங்கன்னு வைங்க. கடையில ரெண்டு மெஷின் நிக்குது. ரெண்டும் 163 சிசி என்ஜின். ஒண்ணுல 5.5 எச்.பி.ன்னு ஸ்டிக்கர், இன்னொண்ணுல 4.8. இஎம்ஐ கொஞ்சம் ஏறினாலும் பரவாயில்ல, பெரிய நம்பரையே எடுப்போம்னு தோணும். கொஞ்சம் பொறுங்க.

ஹோண்டாவோட ஜிஎக்ஸ்160 என்ஜினையே பாருங்க. முன்னாடி 5.5 எச்.பி.ன்னு வித்தாங்க. இப்ப அதே 163 சிசிக்கு 3,600 ஆர்.பி.எம்-ல 4.8ன்னு போடுறாங்க. என்ஜின் இளைச்சுப் போகல, அளக்கிற முறை மாறிடுச்சு. ஏர் ஃபில்டர், சைலன்சர் எல்லாம் இல்லாம அளந்தா கிராஸ். மாட்டி அளந்தா நெட். சிடிசிக்கும் கைக்கு வர்ற சம்பளத்துக்கும் உள்ள வித்தியாசம்தான்!

இதுல ஆர்.பி.எம்-மும் விளையாடும். டார்க்கையும் சுற்று வேகத்தையும் பெருக்கினாதான் எச்.பி. அதனால அதிக வேகத்துல அளந்தா நம்பர் கூடலாம். ஆனா ஜிஎக்ஸ்160-க்கு டார்க் உச்சம் 2,500 ஆர்.பி.எம்-லயே வந்துடுது, 10.3 நியூட்டன் மீட்டர். மண்ணைக் கிளற அதுதான் முக்கியம்.

அமெரிக்காவுல புல்வெட்டும் மெஷின்களுக்கு எச்.பி.யைக் கூட்டிப் போட்டாங்கன்னு வழக்கே நடந்து, 2010-ல 6.5 கோடி டாலர் சமரசத்துல முடிஞ்சது.

கடையில "இது நெட் எச்.பி.யா, எத்தனை ஆர்.பி.எம்-ல?"ன்னு கேளுங்க. கிலோவாட்ல இருந்தா 1.34-ஆல பெருக்கிக்கோங்க. மானியம் வேணும்னா, பணம் கட்டுறதுக்கு முன்னாடியே வேளாண் பொறியியல் துறை அலுவலகத்துல விசாரிச்சுடுங்க.