யுத்த நாவலும் தமிழ் வாசகரும்

நேதாஜியின் சேனையில் மலேயாத் தமிழர் ஆயிரக்கணக்கில் சேர்ந்தனர். அச்சேனை வீரரை நாவலில் நிலைநிறுத்தியவர் சிங்கம்புணரி ப. சிங்காரம், சுமத்ராவின் மெடானுக்குப் பிழைக்கச் சென்று, யுத்தத்தை நேரில் கண்டவர். ‘கடலுக்கு அப்பால்’ 1959லும், ‘புயலிலே ஒரு தோணி’ 1972லும் நூலாயின. வாசகர் செய்ததென்ன? மௌனம் சாதித்தனர்! சரித்திரத் தொடர்கதைகளின் வாள்வீச்சுக்கு வாரந்தோறும் காத்துக்கிடந்த அதே வாசகர்தாம். முதல் நாவலில், பட்டாளத்துக்குப் போனவனென்று செல்லையாவுக்குப் பெண் கொடுக்க மறுக்கிறார் வட்டிக்கடை முதலாளி. நம்மவரும் அம்முதலாளியின் வழியே சென்றனர் போலும்! வெகுகாலம் கழித்தே விமர்சகர் சி. மோகன் போன்றோர் ‘தோணி’யைத் தமிழின் தலைசிறந்த நாவல்களுள் வைத்துப் போற்றினர். இன்று இளைஞர் விரும்பிப் படிக்கின்றனர், சந்தோஷமே. ஆனால் சிங்காரம் 1997இல் காலமாகிவிட்டார். அவர் எழுதிய நாவல்கள் இவ்விரண்டே.