வெப்ஸ்டர் என்ற பெயருக்குள் ஒரு நெசவுக்காரி

அகராதிப் பாடம் நடந்தபோது படிவம் இரண்டு மாணவன் ஒருவன், "டீச்சர், வெப்ஸ்டர்னா டிக்‌ஷனரின்னு அர்த்தமா?" என்று கேட்டான். 1828-இல் பெரிய ஆங்கில அகராதியை வெளியிட்ட அமெரிக்கர் நோவா வெப்ஸ்டரால் வந்த குழப்பம் அது. உண்மையில் வெப்ஸ்டர் ஒரு குடும்பப் பெயர். அதன் பொருள் நெசவு செய்பவர்.

பழைய ஆங்கிலத்தில் நெசவு செய்யும் ஆண் 'வெப்பா', பெண் 'வெப்பெஸ்ட்ரே'. நம்முடைய பாடகன், பாடகி மாதிரிதான். 'எஸ்ட்ரே' என்பது பெண்பால் விகுதி. ரொட்டி சுடுபவளைக் குறித்த சொல்லிலிருந்து பேக்ஸ்டர் என்ற பெயரும் இப்படித்தான் வந்தது.

இதைக் கேட்டதும் மாணவர்கள், "அப்போ வெப்ஸ்டர் குடும்பத்தோட மூதாதை ஒரு பெண்ணா?" என்றார்கள். நானும் அவசரப்பட்டு ஆமாம்னு சொல்லிட்டேன். மறுநாள் திருத்த வேண்டியதாயிற்று.

காரணம் இதுதான். 1066-இல் நார்மன்கள் வருவதற்கு முன் இங்கிலாந்தில் பெரும்பாலோருக்கு ஒரே பெயர்தான். பிறகு ஒரே ஊரில் பல ஜான்கள், பல வில்லியம்கள் இருந்ததால், தொழில், ஊர் அல்லது தந்தை பெயரைச் சேர்த்து அடையாளம் சொன்னார்கள். அந்த அடைமொழி பல தலைமுறைகளில் மெல்ல மெல்லக் குடும்பப் பெயராக நிலைத்தது. ஆனால் அதற்குள் வட இங்கிலாந்தில் அந்த விகுதியின் பெண்பால் பொருள் மங்கிவிட்டது. நெசவு செய்த ஆண்களையும் வெப்ஸ்டர் என்றே அழைத்தார்கள். தெற்கில் அதே தொழிலுக்கு வெப், வீவர் என்ற பெயர்கள் அதிகம். ஆகவே சொல்லின் வேர் பெண்ணுடையது. அதை வைத்து ஒரு குடும்பத்தின் மூதாதை பெண் என்று முடிவு கட்ட முடியாது.

விகுதி எவ்வளவு மங்கியது என்பதற்கு 'சீம்ஸ்ட்ரெஸ்' என்ற சொல்லே சாட்சி. தையல்காரியைக் குறித்த 'சீம்ஸ்டர்' பெண்பாலாகத் தெரியாமல் போகவே, அதன்மேல் இன்னொரு பெண்பால் விகுதியை ஒட்டினார்கள். நூல் நூற்பவளைக் குறித்த 'ஸ்பின்ஸ்டர்' மட்டும் பெண்பாலாகவே நின்று, பின்னர் மணமாகாத பெண் என்று பொருள் மாறியது.

பால் பாகுபாடு நடத்தும்போது இதைச் சொல்லிப் பாருங்கள். பிறகு ஆசிரியை, நடிகை என்று பெண்பால் காட்டும் சொற்களையும், மருத்துவர், ஓட்டுநர் என்று இருபாலுக்கும் வழங்கும் சொற்களையும் மாணவர்களையே பட்டியலிடச் சொல்லுங்கள். விகுதி வெறும் இலக்கணக் குறிப்பு அல்ல, யார் என்ன வேலை செய்தார்கள் என்ற வரலாறும் அதில் இருக்கிறது என்பது அவர்களுக்கே புரியும்.