டாம்ஃபூலரி: யார் இந்த டாம்?

அசட்டுக் கூத்துக்கும் கோமாளித்தனத்துக்கும் ஆங்கிலத்தில் 'டாம்ஃபூலரி' என்று ஒரு விளையாட்டான சொல் இருக்கு. 'ஃபூல்' புரியுது. டாம் யாரு?

தேடினால் முதலில் சிக்குபவர் டாம் ஸ்கெல்டன். இங்கிலாந்தின் கம்ப்ரியா பகுதியில், மன்காஸ்டர் கோட்டையில் சுமார் 400 வருஷத்துக்கு முன்னால் கோமாளியாக இருந்தவர். கட்டம் போட்ட நீள அங்கியோடு அவர் நிற்கும் ஓவியம் அந்தக் கோட்டையில் இருக்கு. மரத்தடியில் உட்கார்ந்திருப்பாராம். வழி கேட்கிறவர் முகம் பிடிக்கலைன்னா புதைமணல் பக்கமாகக் கையைக் காட்டிவிடுவாராம். நல்ல கதைதான். ஆனால் சொல் அவரிடமிருந்து பிறக்கவில்லை.

ஏன்னா, அவருக்கு ரொம்ப முன்னாடியே, 14ஆம் நூற்றாண்டு டர்ஹாம் மடத்துக் கணக்கேடுகளில் 'தோமஸ் ஃபாட்டுவஸ்' என்று லத்தீனில் ஒரு பெயர் வருது. அதாவது முட்டாள் தாமஸ். அந்தக் காலத்து 'ஃபூல்'களில் பிழைப்புக்காக அசடு மாதிரி நடித்தவர்களும் உண்டு, பிறவியிலேயே புத்தி வளர்ச்சி குன்றியவர்களும் உண்டு. இரண்டு பேருக்கும் ஒரே சொல்தான். இன்று செல்லமாக ஒலிக்கும் இந்தச் சொல்லுக்கு அடியில் அந்தப் பரிதாபமும் கிடக்குது.

சரி, ஏன் டாம்? தாமஸ் அங்கே தடுக்கி விழுந்தால் தட்டுப்படும் பெயர். நாம 'குப்பன் சுப்பன்' என்கிற இடத்தில் அவர்கள் 'டாம், டிக், ஹாரி' என்பார்கள். பெட்லம் மனநல விடுதியிலிருந்து வந்ததாகச் சொல்லிப் பிச்சை எடுத்தவர்களுக்கும் 'டாம் ஓ பெட்லம்' என்றே பெயர். 'கிங் லியர்' நாடகத்தில் எட்கர் பைத்தியமாக வேஷம் போடும்போது தன்னை 'ஏழை டாம்' என்றுதான் சொல்லிக்கொள்கிறான். ஆண் பூனை 'டாம்கேட்' ஆனதுகூட 1760இல் வந்த ஒரு கதைப்புத்தகத்துப் பூனையின் பெயரால்தான் என்பார்கள். 'டாம்பாய்' தொடக்கத்தில் முரட்டுப் பையனைத்தான் குறித்தது. பெண்பிள்ளைகளுக்கு அப்புறம்தான் போனது.

முதலில் ஆளைக் குறித்த 'டாம்ஃபூல்', வால் ஒட்டிக்கொண்டு செய்கையைக் குறிக்கும் 'டாம்ஃபூலரி'யாக எழுத்தில் தெரிவது 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில். அதற்குள் ஸ்கெல்டன் செத்து ரொம்ப காலம் ஆகிவிட்டது.

இன்னொரு வேடிக்கை. லண்டன் காக்னி பேச்சில் இயைபுக்காக 'ஜுவல்லரி'யை 'டாம்ஃபூலரி' என்பார்கள். அது தேய்ந்து வெறும் 'டாம்' ஆச்சு. அங்கே ஒரு திருடன் டாமைத் தேடினால், அவன் தேடுவது நகையை.