முதலில் கொஞ்சம் உட்காருவோம்

போன வாரம் ஒரு தம்பி போன் பண்ணினான். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் என்னோடு வேலை பார்த்தவன். "அண்ணே, எதுவுமே பிடிக்கல. என்ன பண்றதுன்னே தெரியல" என்றான். எனக்கு அந்த நேரத்தில் சரியாகப் பதில் சொல்ல வரவில்லை. "எல்லாம் சரியாயிடும்டா" என்று சொல்லி வைத்துவிட்டேன். வைத்த பிறகுதான் உறுத்தியது. அந்த வார்த்தையை என்னிடம் யாராவது சொன்னபோது எனக்கு எவ்வளவு எரிச்சல் வந்தது என்பது நினைவிருக்கிறது. அதனால் எனக்கு நடந்ததையும் பிறகு படித்துத் தெரிந்துகொண்டதையும் சேர்த்து இங்கே எழுதி வைக்கிறேன்.

2023 தொடக்கம். நான் இருந்த தொழிற்சாலையில் ஆர்டர் குறைந்தது. ஒரு வருஷ கான்ட்ராக்ட் மூன்று மாதமாகச் சுருங்கியது. பாதிப் பேரை நிறுத்தினார்கள், மீதிப் பேருக்கு ஓ.டி. கூடியது. நைட் ஷிப்ட் முடித்து கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனுக்கு வந்து உட்காருவேன். பொன்னேரி வழியாக சென்னை போகும் லோக்கல் வந்து நிற்கும், கிளம்பும். ஏறத் தோன்றாது. அடுத்ததில் போய்க்கலாம் என்று உட்கார்ந்திருப்பேன். தூக்கம் வரும், வீட்டுக்குப் போக மனசு வராது.

அந்த ஏப்ரல் 21ஆம் தேதி, ஒரு நாளைக்கு 12 மணி நேரம் வரை வேலை வாங்க வழி செய்யும் சட்டத் திருத்தம் தமிழ்நாடு சட்டமன்றத்தில் நிறைவேறியது. வாரத்துக்கு 48 மணி நேரம் என்பது மாறாது, நாலு நாள் வேலை செய்தால் மூன்று நாள் லீவு என்று விளக்கம் சொன்னார்கள். மெஷின் முன்னால் நின்றுகொண்டிருந்த எங்களுக்கு அந்தக் கணக்கில் 12 மட்டும்தான் காதில் விழுந்தது.

நான் செய்த தப்பு, நம்பிக்கையை முதலில் தேடியது. தன்னம்பிக்கை வீடியோக்களாகப் பார்த்துத் தள்ளினேன். பார்க்கிற வரை சூடாக இருக்கும், முடிந்ததும் இன்னும் சோர்வாக இருக்கும். இப்போது யோசித்தால் வரிசைதான் தப்பு என்று தோன்றுகிறது. முதலில் ஓய்வு. பிறகு சிரிப்பு. நம்பிக்கை அதற்கப்புறம்தான் வரும்.

ஓய்வு

ஓய்வு என்றாலே சோம்பேறித்தனம் என்று நம் மண்டையில் ஏற்றி வைத்திருக்கிறார்கள். கணக்கு வேறு மாதிரி சொல்கிறது. முதல் உலகப் போர் நேரத்தில் பிரிட்டனின் வெடிமருந்துத் தொழிற்சாலைகளில் மக்கள் ராப்பகலாக உழைத்தார்கள். அவர்களின் உடல்நலத்தை ஆராய 1915இல் ஒரு குழு போட்டார்கள். அந்தக் குழு சேகரித்த பழைய கணக்குகளை, சுமார் நூறு வருஷம் கழித்து ஜான் பென்கவல் என்கிற ஸ்டான்ஃபோர்டு பொருளாதார அறிஞர் மறுபடி எடுத்து ஆராய்ந்தார். வாரத்துக்கு ஏறக்குறைய 50 மணி நேரம் வரை, வேலை நேரம் கூடக்கூட உற்பத்தியும் கூடுகிறது. அதைத் தாண்டினால் கூடும் அளவு குறைந்துகொண்டே போகிறது. 70 மணி நேரம் உழைத்தவர்கள் செய்து முடித்ததும் 56 மணி நேரம் உழைத்தவர்கள் செய்து முடித்ததும் கிட்டத்தட்ட ஒன்றுதான். அந்த 14 மணி நேரம் போனது போனதுதான்.

கும்மிடிப்பூண்டி லோக்கலில் சென்ட்ரலுக்குப் போகும்போது, கடைசியில் பேசின் பிரிட்ஜ் வரும். அந்தப் பக்கம் பெரம்பூரில்தான் பின்னி மில் என்று நம் ஆட்கள் சொல்லும் பக்கிங்ஹாம், கர்நாடிக் மில்கள் இருந்தன. அங்கே உழைத்தவர்களுக்காக 1918 ஏப்ரல் 27ஆம் தேதி சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கப்பட்டது. செல்வபதி செட்டியார், இராமானுஜுலு நாயுடு இருவரும் முன்னின்றார்கள். பி.பி. வாடியா தலைவர், திரு.வி.க. துணைத் தலைவர்களில் ஒருவர். அவர்கள் முதலில் கேட்டவற்றில் ஒன்று என்ன தெரியுமா? மதியச் சாப்பாட்டு இடைவேளையை 30 நிமிஷத்திலிருந்து 40 நிமிஷமாக்க வேண்டும் என்பது.

பத்தே பத்து நிமிஷம். கிடைத்தது. அதற்குப் பிறகு வந்த வருஷங்களில் கதவடைப்பு, துப்பாக்கிச் சூடு, தோல்வி எல்லாம் அவர்கள் பார்த்தார்கள். ஆனால் ஆரம்பத்தில் கேட்டது, சோறு தின்ன நேரம். இதைப் படித்த அன்றைக்கு என் டிபன் பாக்ஸை அவசரப்படாமல் காலி செய்தேன்.

உட்காருவதற்கும் இப்படி ஒரு வரலாறு உண்டு. நின்றே வேலை செய்பவர்களுக்கு, இடையில் வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார ஏற்பாடு வேண்டும் என்று 1948ஆம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டத்தின் 44ஆம் பிரிவு சொன்னது. ஐந்து மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து வேலை வாங்கக் கூடாது, குறைந்தது அரை மணி நேரம் இடைவேளை வேண்டும் என்றது 55ஆம் பிரிவு. துணிக்கடை, நகைக்கடைப் பெண்களுக்கு அதுகூட இல்லை. கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்ற திருத்தம் தமிழ்நாட்டில் 2021இல்தான் வந்தது. கேரளாவில் 2018இலேயே வந்துவிட்டது. ஒரு ஸ்டூலுக்கு இவ்வளவு காலம் ஆகியிருக்கிறது. ஆகவே, அடுத்த தடவை உட்காரும்போது குற்ற உணர்ச்சி வேண்டாம்.

சிரிப்பு

எங்கள் லைனில் ஒரு அண்ணன். வாசலில் "பாதுகாப்பே முதல்" என்று போர்டு, அதற்கு மேலே எரியாத லைட். ராத்திரி அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் சொல்வார்: "ஆமாய்யா, அதுதான் முதல்ல போச்சு."

நைட் ஷிப்டில் ஒருவன் கண்ணைக் கசக்கிக்கொண்டு நிற்பான். "என்னடா, தூக்கம் வரலையா?" என்று கேட்பார். "வந்துச்சுண்ணே. வேலையில இருக்கேன்னு சொல்லித் திருப்பி அனுப்பிட்டேன்."

ராபர்ட் புரோவைன் என்கிற அமெரிக்க உளவியலாளர் சிரிப்பை மட்டுமே பல வருஷம் ஆராய்ந்தவர். தனியாக இருக்கும்போதைவிடக் கூட்டத்தோடு இருக்கும்போது மனிதன் சுமார் 30 மடங்கு அதிகமாகச் சிரிக்கிறான் என்று கண்டார். ஆக்ஸ்ஃபோர்டின் ராபின் டன்பாரும் அவர் குழுவும் 2011இல் வெளியிட்ட ஆய்வில், சேர்ந்து வாய்விட்டுச் சிரித்தவர்களுக்கு வலி தாங்கும் அளவு கூடியது தெரிந்தது. சோர்ந்து போனவன் முதலில் செய்வது ஆட்களை விட்டு ஒதுங்குவது. அங்கேதான் சிரிப்பும் அறுந்துபோகிறது. நான் ஸ்டேஷனில் தனியாக உட்கார்ந்திருந்தது அப்படித்தான்.

ஒன்றைக் கவனிக்கணும். எல்லாச் சிரிப்பும் மருந்தில்லை. வெளி மாநிலத்துப் பையன்களின் தமிழைக் கிண்டல் பண்ணிச் சிரித்தவர்களும் எங்களில் உண்டு. சிரித்து முடித்த பிறகு இடம் இன்னும் கசப்பாகும். அதே பையன்களில் ஒருவன், ஒடிசாக்காரன், நாலு தடவை லீவு கேட்டு, நாலு தடவையும் "நாளைக்குப் பாக்கலாம்" என்ற பதிலோடு திரும்பி வந்து என்னிடம் கேட்டான்: "அண்ணா, தமிழ்ல 'நாளைக்கு'ன்னா 'இல்ல'ன்னு அர்த்தமா?" அன்றைக்குக் கேன்டீனே சிரித்தது, அவனும் சேர்ந்து. அந்தச் சிரிப்பு அவன் மேல் விழவில்லை, எங்கள் எல்லோருக்கும் நடந்துகொண்டிருந்த ஒன்றின் மேல் விழுந்தது.

நம்பிக்கை

சி.ஆர். ஸ்னைடர் என்ற உளவியலாளர் நம்பிக்கையை ஒரு உணர்ச்சி என்பதைவிட ஒரு சிந்தனை முறையாகப் பார்த்தார். போய்ச் சேர ஓர் இடம், போக ஒன்றுக்கு மேற்பட்ட வழி, நடக்க முடியும் என்ற எண்ணம். இந்த மூன்றும் சேர்ந்தால் நம்பிக்கை. இதில் எனக்குப் பிடித்தது, இடம் சின்னதாக இருக்கலாம் என்பது. நாங்கள் சம்பள உயர்வு கேட்கும் நிலையில் இல்லை. அந்த 44ஆம் பிரிவை ஒருவர் பிரிண்ட் எடுத்து வந்தார். லோடிங் பக்கம் உட்கார இரண்டு பெஞ்ச் வேண்டும் என்று கேட்டோம். முதலில் "நாளைக்கு" என்றார்கள். பேப்பரில் எழுதி எல்லோரும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தோம். மூன்று வாரத்தில் வந்தது. ஒரு பெஞ்ச் ஆடும். பரவாயில்லை.

அந்த 12 மணி நேரத் திருத்தமும் நிற்கவில்லை. தொழிற்சங்கங்களும் ஆளுங்கட்சியின் கூட்டணிக் கட்சிகளுமே எதிர்த்தன. ஏப்ரல் 24இல் நிறுத்தி வைத்தார்கள். மே 1ஆம் தேதி, சிந்தாதிரிப்பேட்டை மே தினப் பூங்காவில் திரும்பப் பெறப்பட்டதாக முதல்வர் அறிவித்தார். இந்தியாவின் முதல் மே தினத்தை 1923இல் சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில் கொண்டாடி அன்றோடு சரியாக நூறு வருஷம். என் கான்ட்ராக்ட் அதனால் நீளவில்லை. ஆனால் "ஒண்ணும் நடக்காது" என்று அதுவரை சொல்லிக்கொண்டிருந்த எனக்கு, அந்தப் பத்து நாள் ஒரு பதிலாக இருந்தது.

ஒரு விஷயம் சொல்லாமல் விடக்கூடாது. தூக்கம், சாப்பாடு, வேலை எதுவும் ஓடாமல் இரண்டு வாரத்துக்கு மேல் போனால், அதற்கு பெஞ்சும் ஜோக்கும் போதாது. டாக்டரைப் பார்க்கணும். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் எந்த நேரமும் பேசலாம், தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

எனக்குக் கடைசியாகக் கை கொடுத்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. பொன்னேரியிலிருந்து பஸ் பிடித்து அந்த அண்ணனோடு பழவேற்காடு போனேன். ஏரியைப் பார்த்துவிட்டு டச்சுக்காரர்களின் கல்லறைக்குப் போனோம். வாசலில் இரண்டு எலும்புக்கூடுகளைக் கல்லில் செதுக்கி வைத்திருப்பார்கள். அண்ணன் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: "பாவம்யா, செத்தும் நிக்க வெச்சிட்டாங்க." பல மாதம் கழித்து அன்றைக்குத்தான் வயிறு வலிக்கச் சிரித்தேன்.

நேற்று அந்தத் தம்பிக்கு நானே போன் போட்டேன். அறிவுரை எதுவும் சொல்லவில்லை. "ஞாயித்துக்கிழமை பொன்னேரி வா, பழவேற்காடு போகலாம்" என்றேன்.

"நாளைக்குச் சொல்றேண்ணே."

"எந்த நாளைக்கு? சூப்பர்வைசர் நாளைக்கா, நிஜ நாளைக்கா?"

சிரித்துவிட்டான். இன்றைக்குக் காலையில் மெசேஜ் வந்தது. ஒன்பது மணிக்கு ஸ்டேஷனில் இருப்பானாம்.