நஞ்சுண்ட நாய்க்குப் பால் ஊற்றாதீர்கள்

1990இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு புத்தளம் வந்த முஸ்லிம் குடும்பங்கள் பல, இன்றும் கரையோரத் தோட்டங்களில் கூலி வேலை செய்கின்றன. நுரைச்சோலையில் அப்படியொரு வீட்டுக்குப் போயிருந்தேன். பூச்சிமருந்து கலந்த வாளியை நக்கிய நாய், எச்சில் ஒழுக நடுங்கிக் கிடந்தது. வீட்டு உம்மா பதறிப்போய் அதன் வாயில் தேங்காய்ப்பால் ஊற்றினார். வைத்தியரிடம் கொண்டுபோகும் வழியிலேயே நாய் இறந்துவிட்டது.

பால் நஞ்சை முறிக்காது. மயங்கிய பிராணிக்கு ஊற்றினால் அது நுரையீரலுக்குள் போகலாம்.

ஓகனோபொஸ்பேற்று, காபமேற்று வகை மருந்துகள் நரம்பின் தூண்டலை அடக்கும் நொதியை முடக்குகின்றன. எச்சிலும் சளியும் பெருகி மூச்சு அடைக்கும். அதற்கு வைத்தியர் போடும் அற்றோபின் ஊசிதான் மனிதருக்கும் போடப்படுகிறது.

எனவே வாந்தி எடுக்க வைக்காதீர்கள். உடலில் மருந்து பட்டிருந்தால் கையுறை அணிந்து சவர்க்காரமிட்டுக் கழுவுங்கள். மருந்துப் போத்தலையும் எடுத்துக்கொண்டு உடனே கால்நடை வைத்தியரிடம் செல்லுங்கள். பூனைக்கு ஒருபோதும் பரசிற்றமோல் கொடுக்காதீர்கள். ஒரு குளிசையே அதைக் கொல்லலாம்.

போத்தலையும் வாளியையும் உயரத்தில் பூட்டி வையுங்கள். நாய்க்கு எட்டிய அந்த வாளி, முற்றத்தில் விளையாடிய பிள்ளைகளுக்கும் எட்டும் இடத்திலேயே இருந்தது.