கழுவாமல் பூட்டாதீர்கள்!

புனேயில் காய்கறி ஏற்றும் நண்பருக்கு அவருடைய டாடாமொபைல் 206 பிக்கப்தான் பிழைப்பு. 1988-ல் இங்கேயே அறிமுகமான ரகம். நீலப் புகை கக்கவும், "காயலான் கடைக்குப் போடு" என்றார்கள். நாங்கள் எஞ்சினை இறக்கினோம். ரிங்குகள் தேய்ந்து, பேரிங்குகள் கீறியிருந்தன. கிராங்க் ஷாப்டை 0.25 மி.மீ. கிரைண்டிங் செய்தோம்.

அன்பர்களே, கவனம் தேவைப்படுவது இதன் பிறகுதான். கிராங்கின் எண்ணெய்த் துளைகளில் இரும்புத் தூள் தங்கும். அப்படியே பூட்டினால் புதுப் பேரிங்கையும் அது அரித்துவிடும். "காற்று அடிச்சாச்சு சார்" என்பார் மெக்கானிக். போதாது! மெல்லிய பிரஷ்ஷும் மண்ணெண்ணெயுமாக ஒவ்வொரு துளையையும் கழுவி, வடிந்ததை வெள்ளைத் துணியில் பார்த்தோம். மூன்றாம் தரம்தான் மினுமினுப்பு நின்றது. (வீட்டில் ஒரு வேட்டி குறைந்தது!) பிறகே பூட்டினோம். முதல் ஆயிலை 500 கி.மீ.யிலேயே மாற்றிவிடுங்கள், மிச்சத் தூளும் அதோடு போகும்.